தகவலாளர் எண் 37

ஜூன் 9

காகித ஏஜென்ட் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இன்று முதல் அதை வரலாறாக்குவது என்று முடிவு செய்துவிட்டேன். வருங்காலத்தில் என்னைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறவர்கள் ஆதாரம் கிடைக்காமல் அல்லாடக் கூடாது.

ஆகவே பதிவு செய்துகொள்க. ஆவுடையப்பன், வயது ஐம்பத்தாறு. பல்கலைக்கழகப் பின்வாசலுக்கு எதிரே எட்டடிக்குப் பத்தடி சாம்ராஜ்யம், பெயர் ‘ஆவுடை டிடிபி’. கணினி இரண்டு, அச்சு இயந்திரம் ஒன்று, மின்விசிறி ஒன்று (சுற்றுவதாக ஐதிகம்). இதுவரை இங்கிருந்து பிறந்து வெளியேறிய முனைவர்கள் முந்நூற்றுப் பதினாறு. துணைவேந்தர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். ஆய்வேட்டின் நன்றியுரையில் என் பெயர் நெறியாளருக்குப் பின்னால், கடவுளுக்கு முன்னால் வரும்.

இந்தச் சீமையில் கடைக்காரன் என்றால் அண்ணாச்சி. என்னை மட்டும் மொத்தப் பல்கலைக்கழகமும் மாமா என்கிறது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. நானே சொல்லிக்கொடுத்தேன் என்பது எதிரிகள் கிளப்பிய வதந்தி.

மத்தியானம் மின்சாரம் இல்லை. ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. ஒற்றை ஆளுக்கு ரசம் வைப்பதைப் போலக் கடினமான கணக்கு உலகத்தில் கிடையாது.

ஜூன் 11

ஹெப்சிபா வந்தாள். நாசரேத்துக்காரி. பீடி சுற்றும் பெண்கள் வேலைக்கு நடுவே சொல்லும் கதைகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். முந்நூற்றுப் பதினாறு பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்விகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பாள். இன்று பையிலிருந்து மூன்று பழைய ஆய்வேடுகளின் நகலை எடுத்து என் மேசையில் பரப்பினாள்.

“மாமா, இந்தத் தகவலாளர் பட்டியலப் பாருங்க.”

யார் யாரிடம் நேரில் போய்க் கேட்டோம் என்று பின்னிணைப்பில் போடுவது அந்தப் பட்டியல். பெயர், வயது, தொழில், ஊர். 2009ஆம் வருட ஏட்டில் எண் 37: உலகம்மாள், 43, பீடி சுற்றுதல், ஆழ்வார்குறிச்சி. 2013இல் உலகம்மாள், 47, கடையம். 2017இல் உலகம்மாள், 51, அம்பாசமுத்திரம்.

“ஒரே பொம்பள. மூணு பேருகிட்ட ஒரே கதையச் சொல்லிருக்கா. அப்படி ஒரு கதைய நான் வேற எங்கயும் கேட்டதில்ல. என் மூணாம் அத்தியாயமே அதுமேலதான் நிக்குது. ஆழ்வார்குறிச்சில வீடு வீடா கேட்டாச்சு. ரேசன் கடைல கேட்டாச்சு. பீடிக் கடைல பாஸ்புக்கக்கூடப் பாத்தாச்சு. அப்படி ஒருத்தி கிடையாது. கடையத்துலயும் கிடையாது.”

“அகத்தியர் வரம் குடுத்த வம்சமா இருக்கும்,” என்றேன். “அவங்க ஒரு ஊர்ல நாலு வருசத்துக்கு மேல இருந்தா பொதிகை மலை சரிஞ்சிரும். அதான் அப்பப்ப நகந்துக்கிட்டே இருக்காங்க.”

“மாமா.”

“பாபநாசத்துல அணை கட்டுனப்பகூட அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான்...”

“மூணு ஏட்டுலயும் கடைசிப் பக்கத்துல ‘ஒளியச்சு: ஆவுடை டிடிபி’ன்னு இருக்கு மாமா.”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதுவும் என்னைக் காப்பாற்றவில்லை.

“யோசிச்சு வைங்க. வெள்ளிக்கிழம வாறேன்,” என்று போய்விட்டாள்.

ஜூன் 12

எனக்கு நானே வழக்கறிஞராக வாதாடுகிறேன். சில நெறியாளர்கள் நூறு தகவலாளர் இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை. பிள்ளைகள் முப்பது பேரைப் பார்த்துவிட்டு, நாலு நாள் கெடு இருக்கும்போது இங்கே வந்து நிற்பார்கள். “மாமா, மிச்சத்த நீங்க பாத்துக்கோங்க.” நானும் பார்த்துக்கொண்டேன். பிரம்மா உலகத்தை எத்தனை நாளில் படைத்தாரோ, நான் ஒரே பிற்பகலில் எழுபது பேரைப் படைத்திருக்கிறேன். வயது, தொழில், கல்வித் தகுதியோடு. இரண்டு பேருக்கு மூட்டுவலிகூட உண்டு.

அந்த எழுபதில் கைக்கு வந்த ஒரு பெயர் உலகம்மாள். தென்காசிப் பக்கம் தெருவுக்கு நாலு உலகம்மாள் இருப்பார்கள். இதில் விசேஷம் ஒன்றுமில்லை.

ஜூன் 13

அவள் விடுவதாக இல்லை.

“மத்த பேரெல்லாம் ஒத்துப் பாத்தேன் மாமா. ஒரு சண்முகத்தாய் 2009ல அறுபது, 2013ல நாப்பத்தஞ்சு. எளமையாயிட்டே போறா. ஒரு இசக்கி ரெண்டு ஏட்டுல ஆம்பள, ஒண்ணுல பொம்பள. இந்த உலகம்மா மட்டும்தான் ஒழுங்கா வயசாகுறா. கைக்கு வந்த பேருக்கு எவன் மாமா கணக்கு வச்சு வயசேத்துவான்?”

தொழில் நேர்மை என்று ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, அப்படி ஒருத்தி உண்டு, தூரத்துச் சொந்தம், சின்ன வயதில் அந்தக் கதையை எனக்குச் சொன்னாள் என்று ஒப்புக்கொண்டேன். உடனே பேனாவைத் திறந்தாள்.

“எந்தத் தேதி சொன்னாங்க?”

“எனக்குப் பத்து வயசு. அன்னைக்கு மழை.”

“மழையெல்லாம் தேதியாகாது மாமா. பதிவு இருக்கா, கடிதம் எதும்?”

“என் தலைக்குள்ள இருக்கு. ஆலயச் சிற்பம் மாதிரி.”

“அப்போ அவங்க சொன்னதா நீங்க சொல்லுதீங்க. தகவலாளர் நீங்கதான். உங்க பேரு, இன்னைக்குத் தேதி. அவங்க கதைன்னு போடணும்னா அவங்க வாயால சொல்லணும், கையெழுத்துப் போடணும்.”

அவளுடைய நெறியாளர் அம்மா புதிதாக விதிப் புத்தகம் கொடுத்திருக்கிறாராம். நேரில் சொன்னது, போனில் சொன்னது, கடிதத்தில் எழுதியது எதற்கும் துணைநூற்பட்டியலில் இடமில்லை. படிக்கிறவர் தேடிப்போய் எடுத்துப் பார்க்க முடியாத பொருள் அது. கட்டுரைக்குள்ளேயே பெயரையும் தேதியையும் சொல்லி நகர்ந்துவிட வேண்டும். முப்பது வருடமாகப் பட்டியல் அடிக்கிறவனுக்கு இதைப் பாடமாக எடுத்தாள்.

“இப்ப எங்க இருக்காங்க?”

“மார்த்தாண்டம் பக்கம். புருசன் பேரு தாவீது. எலெக்ட்ரீசியன்.”

“இவ்வளவு தெரிஞ்சும் போய்ப் பாத்ததே இல்லியா?”

“பஸ் வசதி கிடையாதும்மா.”

“பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் ஓடுது மாமா.”

“எனக்கு நாகர்கோவில் காத்து ஒத்துக்காது.”

எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 14

டோனர் தீர்ந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 15

வேறு ஒன்றும் இல்லை என்று எழுதியது பொய். மூன்று ஏடுகளிலும் நான் அடித்த கதையை இன்று எடுத்துப் படித்தேன்.

ஒருத்தி நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறாள். ஒருநாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள், தூளுக்குப் பதிலாகக் காற்றை வைத்துச் சுற்றிவிடுகிறாள். அதைப் பற்றவைத்தவன் வாயிலிருந்து புகை வரவில்லை. அவன் இத்தனை காலம் சொல்லாமல் விழுங்கிய பேச்செல்லாம் வந்தது. கடைக்காரன் எடைக் கல்லைப் பற்றி உளறினான். மாமியார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டாள். ஊரே அந்தப் பீடிக் கட்டைத் தேடி ஓடிவந்தது. கடைசியில் ஒரே ஒரு பீடி மிச்சம். அதை ராஜாவிடம் கொடுக்கிறாள். ராஜா இழுக்கிறார். ஏழு நாள், ஏழு இரவு நாட்டு ரகசியமெல்லாம் கொட்டி, அரண்மனை மாடம் இடிந்து விழுகிறது.

நல்ல முடிவு. சபாஷ் போடலாம்.

ஜூன் 28

ஹெப்சிபாவின் பெரியப்பா குழித்துறைப் பக்கம் சபை ஊழியர். சபைப் பதிவேட்டில் தேடி இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்திய அரசாங்கம் இந்தச் சபைக்காரர்களிடம் உளவுத்துறையை ஒப்படைக்கலாம்.

தாவீது மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டாராம். உலகம்மாள் முந்திரி ஆலையில் வேலை செய்து, இப்போது வீட்டோடு இருக்கிறாள். ஹெப்சிபா செவ்வாய்க்கிழமை பதிவுக் கருவியோடு போகிறாள்.

“நீங்களும் வாறீங்களா மாமா?”

“கடைய யாரு பாப்பா?”

கடையில் அப்போது என்னைத் தவிர ஒரு பல்லி இருந்தது.

தாவீதை நான் இரண்டே முறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்ய வந்தார். சுவரில் ஆணி அடிக்கும்போதுகூட மெதுவாக அடிப்பார். அவருக்கு நான் ஒரு வணக்கம் சொன்னதில்லை.

ஜூலை 1

செவ்வாய். தாவரவியல் ஆய்வேடு ஒன்றில் நாலாம் அத்தியாயத்தை இரண்டு முறை அச்சடித்தேன். ஐந்தாம் அத்தியாயத்தை அடிக்கவே இல்லை. அந்தப் பையன் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு போனான், ஓடிப்போய் மறித்தேன்.

பத்து மணிக்கு அவள் போய்ச் சேர்ந்திருப்பாள். பன்னிரண்டுக்கு முடிந்திருக்கும். மூன்று மணிக்கு நாகர்கோவில். ஐந்து மணி வரை வாசலில் நின்று வந்த பஸ்ஸையெல்லாம் ஆராய்ந்தேன். அவள் இறங்கவில்லை. நேராக நாசரேத்துக்குப் போயிருப்பாள். ஒரு போன் செய்திருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு கிடையாது.

ஜூலை 3

ஒலிப்பதிவைக் கொண்டுவந்து கொடுத்தாள். எழுத்தாக்கித் தரும் வேலை எப்போதும் என்னுடையதுதான். இன்று அவள் முகத்தில் வழக்கமான விசாரணை இல்லை. “நிதானமா அடிங்க மாமா. அவசரமில்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனாள்.

ஒரு மணி நாற்பது நிமிடம். காதில் மாட்டிக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

குரல் மாறவில்லை. கொஞ்சம் கரகரப்பு, நடுநடுவே மார்த்தாண்டத்து இழுப்பு. வயது ஐம்பத்தெட்டு என்று சொல்கிறாள். ஐம்பத்தொன்பது. பதினாறு வருடம் நான் ஒரு வருடம் பிசகாமல் கணக்கு வைத்திருக்க, வயதுக்குச் சொந்தக்காரியே இப்படிக் குறைத்துவிட்டாள். அவள் சொன்னபடியே அடித்தேன். மகள் ஒருத்தி, பெயர் ஷீபா, கட்டிக்கொடுத்து கோயம்புத்தூரில் இருக்கிறாள். இந்தப் பூமியில் என்னை மாமா என்று அழைக்க முழு உரிமையுள்ள ஒரே ஜீவன் கோயம்புத்தூரில் இருப்பது இன்றுதான் எனக்குத் தெரியும்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்திலிருந்து அடித்ததை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ஹெ: உங்க கதைய மூணு ஆய்வேட்டுல போட்டிருக்காங்கம்மா.

உ: எங்கிட்ட எவளும் வந்து கேக்கலியே.

ஹெ: இதான அந்தக் கதை? (வாசிக்கிறார்)

உ: கதை என்னதுதான். கடைசிதான் தப்பு. ராஜாவெல்லாம் கிடையாது. மிஞ்சுன ஒத்தப் பீடிய அவ முந்தில முடிஞ்சு வச்சுக்கிடுவா. இன்னும் பத்தவைக்கல. அவ்வளவுதான் கதை.

ஹெ: இத வேற யார்கிட்ட சொல்லிருக்கீங்க?

(மௌனம், 11 விநாடி)

உ: ஒருத்தங்கிட்ட. என் தம்பிகிட்ட. அவன் எதச் சொன்னாலும் கூட ரெண்டு சேத்துத்தான் சொல்லுவான். சின்னதுலருந்தே அப்படித்தான். அவன் இருக்கானா?

ஹெ: அம்மா, அவுக பேரு...

உ: அத நிறுத்தும்மா. இனி சொல்றது எழுதறதுக்கில்ல.

பதிவு அங்கே நின்று, பிறகு வேறு கதைகளோடு தொடர்கிறது. மௌனத்தை விநாடிக் கணக்கில் போட வேண்டும் என்பது விதி. மூன்று முறை அளந்தேன். பதினொன்றுதான்.

ஜூலை 4

கடை திறக்கவில்லை.

தூரத்துச் சொந்தம் என்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். டைரியில் அடித்தால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். உலகம்மாள் என் அக்கா. கூடப்பிறந்தவள்.

1991இல் அவள் தாவீதோடு போனபோது எனக்கு இருபத்திரண்டு. தட்டச்சு ஹையர் புதிதாகப் பாஸ் செய்திருந்தேன். தமிழ்நாட்டிலேயே எனக்கு நிகராக அடிப்பவன் இல்லை என்று நினைப்பு. அப்பா கூப்பிட்டு, பேப்பரில் ஓர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றார். “அவளுக்கும் நமக்கும் இனிம ஒண்ணும் கிடையாதுன்னு போடுல.” அவர் சொன்னது அந்த ஒரு வரி.

நான் அடித்தது பதினான்கு வரி. ‘இன்று முதல் அவள் எங்களைப் பொறுத்தவரை மாண்டவள்’ என்று போட்டேன். ‘அவள் பெயரை உச்சரிப்போர் எம் குலத்தின் பகைவர்’ என்று போட்டேன். ‘அவள் நிழல் எம் தெருவில் விழினும் தெருவைக் கழுவுவோம்’ என்றுகூட ஒரு வரி. அப்பா வாங்கிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார்.

“இவ்வளவு வேணுமால?”

“நடை அப்பா. நடை இருந்தாத்தான் படிப்பாங்க.”

படித்தார்கள். தெருவே படித்தது. அவளும் படித்திருப்பாள், கீழே ஒப்பமிட்டவர்களில் இரண்டாவது பெயர் என்னுடையது. அந்த நடை யாருடையது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒப்பம்கூடத் தேவையில்லை. அப்பா சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

17-11-1991, ஏழாம் பக்கம், நான்காம் பத்தி. நான் எழுதியதில் தேதி, பக்கம் எல்லாம் சுத்தமாக உள்ள ஒரே ஆதாரம் அதுதான். யாரும் எந்த நூலகத்திலும் போய் எடுத்துப் பார்க்கலாம்.

ஜூலை 7

ஹெப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அங்க வச்சே தெரிஞ்சுபோச்சு மாமா,” என்றாள். பிறகு என் வாழ்நாளில் நான் செய்யாத காரியத்தைச் செய்தேன். கெஞ்சினேன்.

“நிறுத்தச் சொன்ன பெறகு என்ன சொன்னா?”

“சொல்லக் கூடாது மாமா.”

“நான் தம்பி.”

“நீங்க யாரா இருந்தாலும். எழுதறதுக்கில்லன்னு சொல்லித்தான் சொன்னாங்க. அவங்க அனுமதியில்லாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நான் சம்மதப் படிவத்துல எழுதிக் குடுத்திருக்கேன்.”

“ஒரு வார்த்தை. திட்டுனாளா, இல்லியா?”

“மாமா.”

“உன் ஆய்வேட்ட தங்க எழுத்துல பைண்டிங் பண்ணித் தாறேன். அட்டைல உன் முகத்த வரைஞ்சு தாறேன். யான மேல வச்சு ஊர்வலமா கொண்டுபோறேன்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. பதினாறு வருடமாக எழுபது எழுபது பேராகப் பொய்ச்சாட்சி படைத்தவனுக்கு எதிராக, ஒரு சின்னப் பெண் ஒற்றை விதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மரியாதையாகவும் வந்தது.

“எழுத்தாக்கத்த அவங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்,” என்றாள். “தபால்ல அனுப்பலாம். இல்ல யாராவது கொண்டுபோகலாம்.”

ஜூலை 8

தபால் உறை ஒன்பது தயாரித்தேன். ஒவ்வொன்றிலும் முகவரியின் எழுத்தளவு சரியாக அமையவில்லை.

ஜூலை 12

மூன்றாம் அத்தியாயத்துக்கு அடிக்குறிப்பு கொண்டுவந்தாள். 2009, 2013, 2017 ஏடுகளில் வரும் உலகம்மாள் நேர்காணல்கள் நடைபெறவில்லை என்றும், அவற்றை ஒளியச்சு செய்தவர் தன் நினைவிலிருந்து சேர்த்தவை என்றும் இருந்தது. என் பெயர் இல்லை.

“பேரப் போடு,” என்றேன்.

“கடைக்கு ஆபத்து மாமா. அந்த மூணு பேரும் இப்ப வாத்தியாரா இருக்காங்க. சும்மா விட மாட்டாங்க.”

“தகவலாளர் பேரில்லாம தகவல் உண்டா? நீதான சொன்ன.”

என் பேரரசின் மரண சாசனத்தை நானே அடித்தேன். ஆவுடையப்பன், நேரில் சொன்னது, 2025 ஜூலை 12. ஒரு அடைமொழிகூடச் சேர்க்கவில்லை. மிகவும் குட்டையாக, என் பெயர் போலவே தெரியவில்லை.

ஜூலை 18

அடிக்குறிப்புச் சேதி அதற்குள் பரவிவிட்டது. மூன்று வாத்தியார்களில் ஒருவர் போனில் கத்தினார். இன்னொருவர் நேரில் வந்து கத்தினார். மூன்றாமவர் தன் மாணவர்களை இனி எதிர்க்கடைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லியனுப்பினார்.

தபால் உறைகளைக் குப்பையில் போட்டேன். நாளைக்குக் கடை கிடையாது. சட்டையை நானே தேய்த்தேன், காலரில் கருகல்.

ஜூலை 19

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சந்துக்குள் மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. நான் தட்டுவதற்கு முன்பே திறந்தது. தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது. என்னைவிடக் கொஞ்சம் குள்ளமாகிவிட்டாள். முன்பெல்லாம் அண்ணாந்துதான் பார்ப்பேன்.

பஸ்ஸில் நூறு வசனம் தயார் செய்திருந்தேன். எல்லாம் நாகர்கோவிலிலேயே இறங்கிவிட்டன.

“கையெழுத்து வாங்க வந்தேன்,” என்றேன்.

“உள்ள வா. கண்ணாடிய எடுத்துட்டு வாறேன்.”

ஒன்பது பக்கம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சுவரில் தாவீது படத்தில் இருந்தார். நான் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தாள். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

“இது என்னல, பதினோரு விநாடின்னு?”

“நீ பேசாம இருந்தது.”

“அதயுமா எண்ணுவாவ?”

“விதி.”

“அப்போ முப்பத்துநாலு வருசத்த எப்படிப் போடுவ?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். எட்டாம் வகுப்பில் போட்ட அதே கையெழுத்து, ‘உ’வுக்கு நீளமான வால். காகிதத்தை என்னிடம் நீட்டினாள். வேலை முடிந்தது. எழுந்து போகலாம்.

“அன்னைக்கு மிசின நிறுத்தச் சொல்லிட்டு என்ன சொன்னக்கா?”

“அது அந்தப் பிள்ளகிட்டச் சொன்னது. ஒனக்கு எதுக்கு?”

“அப்போ எனக்கு?”

“ஒனக்குச் சொல்ல வேற இருக்கு.” குடத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். “உக்காருல.”

உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் திட்டு. அப்பேர்ப்பட்ட திட்டை மிகைப்படுத்த எனக்கே திறமை போதாது. அதன் பிறகு சொன்னது வேறு. வெயில் இறங்குகிற வரைக்கும் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை நானும் பேசினேன், அவள் விட்ட அளவுக்கு.

சொன்னது எதையும் இங்கே எழுத மாட்டேன். அவளிடம் அனுமதி கேட்கவில்லை.